சின்னவளின் பந்துச் சோதனை: குடும்பக் குழு உரையாடல்

அம்மா: சின்னவளின் பள்ளியில் வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. விளையாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு சோதனை செய்ய வேண்டுமாம். தலைப்பை நாளை காலைக்குள் கொடுக்க வேண்டும்.

மாமா: கூடைப்பந்தின் மேல் டென்னிஸ் பந்தை வைத்து இரண்டையும் ஒன்றாகக் கீழே விடச் சொல். மேலே இருக்கும் பந்து கூரையைத் தொடும்.

அத்தை: கூடத்து விளக்கையும் தொடும். போன முறை அது எப்படி உடைந்தது என்பதை நான் மறக்கவில்லை.

பெரியப்பா: மாமா சொல்வது அழகான காட்சிதான். கொள்கையளவில் மேல் பந்து விட்ட உயரத்தைப் போல ஒன்பது மடங்கு வரை எழும்பலாம். ஆனால் நடைமுறையில் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சிதறுவதால், குழந்தையால் ஒரே அளவை இரண்டு முறை எடுக்க முடியாது. ஒரே ஒரு டென்னிஸ் பந்தும் வெப்பநிலையும் போதும் என்பது என் கருத்து. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, வழக்கமான பந்து ஒன்றை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அதே விகிதத்தில் பார்த்தால், 1 மீட்டரிலிருந்து விடும் பந்து ஏறத்தாழ 53 முதல் 58 செ.மீ. வரை எழும்பும். அதே பந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு விட்டால் உயரம் குறையும். 27 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு வரும்போது உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. குளிர்ந்த ரப்பரும் நசுங்கி மீளும்போது கூடுதலான ஆற்றலை வெப்பமாக இழக்கிறது.

அக்கா: எழும்பும் உயரத்தை வெறும் கண்ணால் குறித்தால் தவறும். ஒலியைப் பதிவு செய்து, முதல் மோதலுக்கும் இரண்டாம் மோதலுக்கும் இடைப்பட்ட நேரத்தை எடுக்கலாம். 55 செ.மீ. எழும்பினால் அது ஏறத்தாழ 0.67 வினாடி வரும்.

மாமா: பந்துகளா? என் பந்துப் பை உங்கள் பரணில்தான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடக்கிறது. மட்டையையும் சேர்த்துக் கேட்டேன், யாரும் தரவில்லை.

அத்தை: ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள்.

பெரியப்பா: அந்தப் பந்துகளைப் புதியவற்றோடு கலக்க வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் உள்ளிருந்த அழுத்தம் கசிந்து போயிருக்கும்; பிறகு உயரம் குறைந்தது குளிராலா, பழமையாலா என்று பிரிக்க முடியாது.

அம்மா: இதையெல்லாம் அவளே செய்யட்டும். போன ஆண்டு அவள் அப்பா இரவெல்லாம் விழித்து மாதிரியைச் செய்து கொடுத்தார். நடுவர் கேட்டபோது இவளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எவ்வளவு அழுதாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்பா: ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை அளவு நாடாவைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அத்தை: நேராக ஒட்டுங்கள்.

சின்னவள் (அம்மா கைப்பேசியிலிருந்து): பெரியப்பா, இப்போதே மூன்று முறை விட்டுப் பார்த்தேன். 55, 54, 41. அந்த 41ஐ அடித்துவிடலாமா?

பெரியப்பா: அடிக்காதே, கண்ணு. அந்த முறை மட்டும் என்ன மாறியது என்று யோசித்துப் பார்.

சின்னவள்: மிதியடியின் ஓரத்தில் விழுந்தது.

பெரியப்பா: அதை அப்படியே குறிப்பேட்டில் எழுது. தரை மாறினாலும் உயரம் மாறும் என்பதை நீயே கண்டுபிடித்திருக்கிறாய். இனி தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழுந்ததை மட்டும் கணக்கில் எடு. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் பத்து முறை விடு. குளிர்ந்த பந்து கையிலேயே சூடேறிவிடும் என்பதால் வெளியே எடுத்தவுடன் விட்டுவிட வேண்டும்.

மாமா: அப்படியென்றால் தலைப்பு வெப்பநிலையா, தரையா?

அக்கா: தரை எளிது. மிதியடி, மரப்பலகை, சிமென்ட் மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன.

பெரியப்பா: எளிதுதான். இருந்தாலும் வெப்பநிலையில் அவள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அம்மா: அவளைக் கேட்டேன். இரண்டும் வேண்டும் என்கிறாள்.

அத்தை: பந்துகளை உறையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மாமா: பரணில் ஏறினால் என் மட்டையையும் இறக்கி வையுங்கள்.