கெட்டரிங்கில் குடியிருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அடுத்த மாதம் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் கெட்டரிங் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் நர்ஸாகச் சேர்கிறேன். கணவரும் 6 வயது மகளும் கூட வருகிறார்கள். பார்த்து வைத்திருக்கும் வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கம். எந்தப் பகுதியில் என்ன குற்றங்கள் பதிவாகின என்று வரைபடத்தில் காட்டும் போலீஸ்.யூகே தளத்தில் அந்த போஸ்ட்கோடைப் போட்டால் வரைபடம் முழுக்க வட்டங்கள். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. அடிதடியையும் பாலியல் குற்றங்களையும் ஒரே தலைப்பில் சேர்த்துக் காட்டுகிறார்கள். இடமும் 'இந்தத் தெருவிலோ அருகிலோ' என்று தோராயம்தான். இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

லேட் ஷிஃப்ட் முடிந்து இரவு ஒன்பதரை மணிக்கு, நவம்பர் இருட்டில், ராத்வெல் ரோடு வழியாகத் தனியாக நடந்து வரலாமா? ஆள் நடமாட்டம் இருக்குமா? சைக்கிளை வாசலில் விடலாமா? அங்கேயே இருப்பவர்கள் சொன்னால்தான் மனசு ஆறும். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு ஓனருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.