தம்பிக்கு வந்த டீம் ஒப்பந்தம்: விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம். நாங்க தண்டையார்பேட்டை. தம்பிக்கு 17 வயசு, பிஜிஎம்ஐ (ஃபோன்ல ஆன்லைன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடுறான். பொழுதுபோக்குக்கு இல்லீங்க, சாயங்காலமானா நாலு பேர் ஸ்குவாடா ஸ்க்ரிம்ஸ் (மத்த டீமோட பயிற்சி மேட்ச்) ஆடிட்டு, தப்பு எங்கன்னு ரெக்கார்டிங் போட்டுப் பார்க்கிற அளவுக்கு. இப்ப வெளியூர் டீம் ஒண்ணு அவனை எடுத்துக்கிறோம்னு ஒப்பந்தம் அனுப்பியிருக்கு.

அதுலதான் குழப்பம். மூணு வருஷம் வேற டீமுக்குப் போகக்கூடாது, போனா 'பைஅவுட்' தொகை கட்டணும். எவ்வளவுன்னு எழுதல. பரிசுப் பணத்துல பாதி அவங்களுக்கு, யூடியூப் காசு மொத்தமும் அவங்களுக்கு. சம்பளம்னு ஒரு வரி இல்ல! 18 முடியாதவன் கையெழுத்து சட்டப்படி செல்லாதுங்கிறதால அப்பாவைப் போடச் சொல்றாங்க.

அப்பாவோ, "இது சூதாட்டம், 2025லயே தடை பண்ணிட்டாங்க"ன்னு ஒரே பிடி. அந்த ஆன்லைன் கேம் சட்டம் தடுத்தது பணம் கட்டி ஆடுறதை. ஈஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டிகளை, தனியா அங்கீகரிச்சிருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. கேரம்ல காசிமா உலகக் கோப்பை ஜெயிச்சப்ப தெருவுக்கே ஸ்வீட் கொடுத்த மனுஷன்தான். ஃபோனைப் பார்த்தா மட்டும் பத்திக்குது.

இன்னொண்ணு: 2022 ஜூலையில இந்த கேமையே தூக்கி, 2023 மே மாசம்தான் திரும்ப விட்டாங்க. அப்படி மறுபடி ஆனா ஒப்பந்தம் என்ன ஆகும்?

டீம்ல ஆடினவங்க, இந்த மாதிரி ஒப்பந்தம் பார்த்த வக்கீல் யாராவது வடசென்னைப் பக்கம் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஃபீஸ் தந்துடுறோம். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.