கலோரி மனப்பாடம், தட்டு பாதி

நடுத்தூர ஓட்டக்காரர்களுக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் வாழைப்பழத்தை நீட்டினால், அதில் எத்தனை கலோரி என்று யோசிக்காமல் சொல்வாள். உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.6 கிராம் புரதம் என்ற கணக்கும் அத்துப்படி. ஆனால் மாவுச்சத்து எதுவானாலும் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். எடை குறைந்தால் ஓடும் நேரமும் குறையும் என்று யாரோ சொன்னது மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

முதல் சில வாரம் நேரம் குறையத்தான் செய்தது. வினையே அதுதான். அப்புறம் கடைசிச் சுற்றில் கால் எழும்பவில்லை, சளி விட்டபாடில்லை, முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. ஸ்கேனில் மெல்லிய கீறல் தெரிந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றுதான். நின்று பல மாதம் ஆகியிருந்தது! கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று நினைத்து, தொல்லை விட்டது என்றே இருந்திருக்கிறாள். ஓட்டத்துக்குச் செலவான சக்தி போக மிச்சம் போதாவிட்டால், உடல் ஹார்மோனிலும் எலும்பிலும் கைவைத்துவிடும். ஆண்களையும் இது விடாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்தது.

தினம் ஒன்று முதல் மூன்று மணி நேரம் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து என்பது வழக்கமான பரிந்துரை. அவளுடைய 50 கிலோவுக்குக் குறைந்தது 300 கிராம். சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. கணக்குத் தெரிந்த பெண்ணல்லவா, தாளில் பார்த்ததும் வாயடைத்துப் போனாள். இப்போது பயிற்சி முடிந்த கையோடு பாலும் ரொட்டியும் பையிலிருந்து வெளியே வருகின்றன. கலோரி சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை.

---

நான் குத்துச்சண்டை வீரன். ஓட்டப் பயிற்சியாளர் மேலே சொன்னதைப் படித்தேன்; எங்கள் பக்கம் கதை வேறு. ஆண்டு முழுக்க ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள்கூட குறைந்த எடைப் பிரிவில் இடம் பிடிக்க, போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். என் அறையில் இருந்த அண்ணன் பிளாஸ்டிக் ஜாக்கெட்டோடு ஸ்கிப்பிங் போடுவார், டம்ளரில் துப்புவார், எடை மெஷினில் ஏறுவார், மறுபடி துப்புவார். உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் போனாலே ஆட்டம் தளர ஆரம்பிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்! கேட்டால், “தெரியும்டா தம்பி, எதிராளியும் காஞ்சுபோய்த்தானே வர்றான்” என்பார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

புதிதாக வந்த பயிற்சியாளர்தான் அவரை மேல் எடைப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே முதல் சண்டையில் தோற்றார், ஆனால் மூன்றாவது சுற்றிலும் கை இறங்கவில்லை. அதைப் பார்த்து நாங்கள் நாலைந்து பேர் பிரிவு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் ஒரே பிரிவில் வந்து நின்றால் என்ன செய்வது என்று பயிற்சியாளர் தலையைச் சொறிகிறார்.