காலேஜ்ல தம்பிக்கு ஸ்க்ரைப் தர மாட்டேங்கறாங்க, யாரைப் போய் பாக்கறது?

குடியாத்தம்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி வேலூர்ல ஒரு காலேஜ்ல பிகாம் ஃபர்ஸ்ட் இயர் படிக்கறான், தினம் குடியாத்தத்துல இருந்து பஸ்ல தான் போய்ட்டு வர்றான். சின்ன வயசுல இருந்தே பார்வை கம்மி, யூடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) லோ விஷன் 75 பர்சன்ட்னு போட்டிருக்கு. பிளஸ் டூ பப்ளிக்ல சொல்வதை எழுதுபவர், அதான் ஸ்க்ரைப், குடுத்தாங்க, ஒரு மணி நேரம் கூடுதலாவும் குடுத்தாங்க, நல்ல மார்க் எடுத்தான். காலேஜ் வந்ததும் எல்லாம் போச்சு. போன வாரம் முதல் இன்டர்னல், கொஸ்டின் பேப்பர் குட்டி எழுத்துல மங்கலான ஜெராக்ஸ், இவன் மூக்குல ஒட்டற மாதிரி வெச்சு படிச்சிருக்கான், ட்ரையல் பேலன்ஸ் கணக்குல 8,300ஐ 3,300னு எடுத்துட்டு கடைசி பெல் அடிக்கற வரைக்கும் டேலி ஆகாம அதையே கூட்டிட்டு இருந்திருக்கான், மீதி கேள்வியை தொடவே இல்ல. வீட்டுக்கு வந்து அதே கணக்கை நான் வாசிச்சேன், பத்து நிமிஷத்துல போட்டுட்டான். அதுல இருந்து எனக்கு மனசே ஆறல.

கிளாஸ் மேடம்கிட்ட கேட்டா அதெல்லாம் ஸ்கூலோட சரி, யுனிவர்சிட்டில இருந்து லெட்டர் வந்தா பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்பா தறி ஓட்டறவர், ரொம்ப கேட்டா பையன் மேல கோவம் வெச்சுக்குவாங்க விட்டுடும்மான்றார். நவம்பர்ல செமஸ்டர். யாராவது வழி சொல்லுங்க.

காட்பாடி_வாசகன்:
சிஸ்டர், எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, டிகிரி முடிச்சு இப்ப வேலைல இருக்கேன், இந்த மெசேஜும் போன்ல திரையை வாசிச்சு சொல்ற டாக்பேக் வெச்சு தான் டைப் பண்றேன். முதல்ல ஒண்ணு, வாயால கேக்காதீங்க. வாயால கேட்டா வாயாலயே இல்லன்னு சொல்லிடுவாங்க. பிரின்சிபால் பேருக்கு தம்பி கையெழுத்து போட்டு ஒரு லெட்டர், யூடிஐடி ஜெராக்ஸ், பிளஸ் டூல ஸ்க்ரைப் குடுத்த ஆர்டர் இருந்தா அதுவும் வெச்சு ஆபீஸ்ல குடுத்துட்டு, உங்ககிட்ட இருக்கற காப்பில சீல் போட்டு தேதி வாங்குங்க. அந்த சீல் இல்லாம திரும்பி வராதீங்க. என்ன வேணும்னு தெளிவா எழுதுங்க: பெரிய எழுத்துல கொஸ்டின் பேப்பர், ஸ்க்ரைப், மணிக்கு 20 நிமிஷம் கூடுதல், அதாவது 3 மணி நேர பேப்பருக்கு 1 மணி நேரம். 2018ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல இதெல்லாம் இருந்துச்சு, 2025ல அதுக்கு பதிலா புதுசு வந்திருக்கு, அதையும் பாத்துக்கோங்க. உதவி பண்ணுங்கன்னு கெஞ்சற மாதிரி எழுத வேணாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படின்னே எழுதுங்க.

இன்னொண்ணு, ஸ்க்ரைப் கிடைச்சுட்டா மட்டும் ஆகாது. காமர்ஸ் பேப்பர்னா எழுதறவங்களோட உக்காந்து பழகணும். நான் முதல் தடவ லெட்ஜர் சொல்லும்போது அந்த பொண்ணு டெபிட் பக்கம் எழுத வேண்டியதை கிரெடிட்ல எழுதிடுச்சு, அதுக்கு காமர்ஸ் தெரியாது, பாவம் அது என்ன பண்ணும். அப்புறம் தான் பக்கம், தேதி, விவரம், தொகைன்னு ஒரே வரிசைல சொல்லி, தொகையை ஒவ்வொரு நம்பரா எட்டு, மூணு, சைபர், சைபர்னு சொல்லி, அவங்க திருப்பி வாசிச்ச பிறகு தான் அடுத்த வரிக்கு போவேன். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஸ்க்ரைப்ப பாத்து பேச விடணும்னு அந்த 2018 வழிகாட்டுதல்லயே இருந்துச்சு, அதை விட்டுடாதீங்க.

படிக்கறதுக்கு திரையில இருக்கறதை வாசிச்சு சொல்ற என்விடிஏன்னு ஒரு சாஃப்ட்வேர், ஃப்ரீ தான், தமிழும் வாசிக்கும், லேப்டாப்ல போட்டுக்குடுங்க.

சத்துவாச்சாரி_வாத்தியார்:
நான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன்மா, அதனால உள்ள எப்படி நடக்குதுன்னு சொல்றேன். இன்டர்னல் டெஸ்ட்டை டிபார்ட்மென்ட்டே நடத்துது, அதுக்கு யுனிவர்சிட்டி லெட்டர் எதுக்கு? எச்ஓடியும் (துறைத் தலைவர்) பிரின்சிபாலும் மனசு வெச்சா நாளைக்கே ஆகும். செமஸ்டருக்கு தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வரைக்கும் போகணும், உங்க காலேஜ் திருவள்ளுவர் யுனிவர்சிட்டிக்கு கீழ வருதுன்னா பிரின்சிபால் மூலமா யுனிவர்சிட்டி இருக்கற சேர்க்காட்டுக்கு போகும், தன்னாட்சி காலேஜ்னா அங்கயே முடிஞ்சுடும். ஃபீஸ் கட்டும்போதே குடுத்துடுங்க, ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினா வேலைக்காகாது.

ஒரு இடத்துல தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, காட்பாடி தம்பி சொன்னதுல அது விட்டுப்போச்சு. அந்த 2018 வழிகாட்டுதல்ல முழுசா பார்வை இல்லாதவங்க, ரெண்டு கையும் பாதிச்சவங்க, செரிப்ரல் பால்சின்ற மூளை பாதிப்பு உள்ளவங்க கேட்டாலே ஸ்க்ரைப் தரணும்னு இருந்துச்சு. லோ விஷன் அந்த மூணுல வராது, எழுத முடியாத அளவு கஷ்டம் இருக்குன்னு அரசு மருத்துவமனையோட சிவில் சர்ஜனோ கண்காணிப்பாளரோ தனியா ஒரு சான்று தரணும். அதுக்குன்னு ஃபார்மேட்டே இருக்கு. அடுக்கம்பாறை கவர்மென்ட் ஆஸ்பத்திரில போய் கேளுங்க, வெறும் யூடிஐடியை மட்டும் நீட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க ஆளையே ஸ்க்ரைபா கூட்டிட்டு போனா அவங்க படிப்பு தம்பி படிப்புக்கு ஒரு படி கீழ இருக்கணும்னு அந்த 2018 வழிகாட்டுதல்ல இருந்துச்சு. கூடுதல் நேரம் அப்படியில்ல, ஸ்க்ரைப் வேணாம்னு அவனே எழுதினாலும் அந்த 1 மணி நேரத்தை கேக்கலாம்.

இதைப் படிக்கற வேற யாருக்காவது குறைபாடு 40 பர்சன்ட்டுக்கு கீழ இருந்தாலும் விட்டுடாதீங்க, எழுதும்போது கை இழுத்துக்கற ஒருத்தருக்கு ஸ்க்ரைப் தரணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு.

பாகாயம்_பொண்ணு:
அக்கா, நான் வீல்சேர். எனக்கு கிளாஸ் ரெண்டாவது மாடில போட்டாங்க, ஒரு மாசம் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் தூக்கிட்டே போனாங்க, ஒரு நாள் ஒருத்தி காலு ஸ்லிப் ஆகி எல்லாரும் விழப் பாத்தோம். அன்னிக்கு தான் எழுதிக் குடுத்தேன், அடுத்த வாரமே கிளாஸை கீழ மாத்திட்டாங்க. இவ்ளோ தானா இதுக்கா ஒரு மாசம்னு அழுதுட்டேன். நான் தினம் தாண்டிப் போற ஊர்ல மேரி வர்கீஸ் டாக்டர் 1954ல ஆக்சிடென்ட் ஆகி இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்லாமப் போயும் வீல்சேர்ல உக்காந்து ஆபரேஷன் பண்ணாங்க, 1966ல இங்க மறுவாழ்வு மையமே ஆரம்பிச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒரு கொஸ்டின் பேப்பரை பெருசா ஜெராக்ஸ் எடுக்க முடியாதா? அப்பாகிட்ட சொல்லுங்க, எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் என்கிட்ட யாரும் முகம் திருப்பல, எச்ஓடி மேடம் இன்னும் நல்லா தான் பேசறாங்க. அப்படியும் காலேஜ்ல அசையலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் அங்க இருப்பாங்க.

குடியாத்தம்_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார் சொன்ன மாதிரி புதன்கிழமை அடுக்கம்பாறைக்கு கூட்டிட்டு போறேன், லெட்டரை தம்பியே பெரிய எழுத்துல எழுதி வெச்சிருக்கான், நேத்து ராத்திரி அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினான், அப்பா ஒண்ணும் சொல்லல, காலைல தறிக்கு போறதுக்கு முன்னாடி ஜெராக்ஸுக்குன்னு இருபது ரூபா எடுத்து வெச்சுட்டு போயிருக்கார். பக்கத்து வீட்டு பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு, காமர்ஸ் குரூப், கையெழுத்தும் நல்லா இருக்கும், ஞாயித்துக்கிழமைல இருந்து ரெண்டு பேரையும் உக்கார வெச்சு லெட்ஜர் சொல்லிப் பழக வைக்கறேன். காட்பாடி அண்ணா, தமிழ் பேப்பருக்கும் இதே பொண்ணு போதுமா, வேற ஆள் பாக்கணுமா?

காட்பாடி_வாசகன்:
போதும் சிஸ்டர். பாடத்துக்கு ஒரு ஆள்னு மாத்திக்கவும் வழி இருக்கு, ஆனா தமிழ்ல ர, ற தப்பில்லாம எழுதும்னா அந்த பொண்ணையே வெச்சுக்கோங்க.