சொந்த அனுபவத்தை எழுதினா டைரி மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, எப்படி கதையாக்குறது?

இரவல்பேனா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டி ஆஸ்பத்திரில இருந்த கடைசி நாட்கள்ல நான்தான் கூட இருந்தேன், அதை ஒரு சிறுகதையா எழுதியிருக்கேன். பாட்டி கடைசியா பேசினது, மாமா பணத்துக்கு அலைஞ்சது, அம்மா அழாமலே இருந்தது, பக்கத்து பெட் அம்மா எங்களுக்கு ஆறுதல் சொன்னது, எல்லாமே நிஜமா நடந்ததுதான், ஒரு வரி கூட கற்பனை கிடையாது. படிச்ச ரெண்டு மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே விஷயம்தான் சொல்றாங்க, "மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஆனா கதையா இல்ல, டைரி படிக்கிற மாதிரி இருக்கு"ன்னு. நடந்ததை மாத்தி எழுதினா பாட்டிக்கு துரோகம் பண்ற மாதிரி தோணுது, மாத்தாம விட்டா கதை நிக்க மாட்டேங்குது. பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் சொந்த வாழ்க்கைல இருந்துதானே எழுதுறாங்க, அவங்க அதை எப்படி பண்றாங்க? டெக்னிக்னு எதுவும் இருக்கா, இல்ல அது தானா வர்றதா?

நடுப்பக்கம்:
தானா வர்றது இல்லீங்க, பெரும்பாலும் யோசிச்சு பண்றதுதான். முதல்ல பாக்க வேண்டியது கதையை யார் சொல்றாங்க, எவ்வளவு தள்ளி நின்னு சொல்றாங்கங்கிறது. உங்க கதைல "நான்"தான் பாக்குது, "நான்"தான் அழுது, கடைசில அதுக்கு அர்த்தமும் "நான்"தான் சொல்லுதுன்னு நினைக்கிறேன், அப்படி இருந்தா வாசகருக்கு செய்ய எந்த வேலையும் மிச்சம் இருக்காது.

அசோகமித்திரனோட "புலிக்கலைஞன்" படிச்சிருக்கீங்களா? இல்லன்னா இன்னைக்கே படிங்க. அவர் ஜெமினி ஸ்டூடியோல வருஷக்கணக்கா வேலை பாத்தவர், 1966ல அங்கிருந்து வெளிய வந்துட்டார், கதை எழுதினது அதுக்கு பல வருஷம் கழிச்சு. சினிமா கம்பெனி ஆபீஸ், வேலை மந்தமா இருக்கிற நேரம், சான்ஸ் கேட்டு ஒருத்தர் வர்றார், புலி வேஷம் நல்லா பண்ணுவேன்ங்கிறார், பண்ணியும் காட்டுறார். அந்த சில நிமிஷம் அவர் புலியாவே ஆயிடுறார், முடிஞ்சதும் மறுபடி பசியோட நிக்கிற சாதாரண மனுஷன். கதை சொல்றவர் அந்த ஆபீஸ்ல ஒரு ஊழியர், அவ்வளவுதான். "எனக்கு நெஞ்சு அடைச்சுது"ன்னு பக்கம் பக்கமா எழுத மாட்டார், என்ன பாத்தாரோ அதை மட்டும் சொல்லிட்டு போவார், ஆனா நமக்கு தொண்டை அடைக்கும். இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஸ்டூடியோ அனுபவம் அசோகமித்திரனோடது, ஆனா கதை அவரைப் பத்தினது இல்ல, தன் அனுபவத்தை எல்லாம் அந்த இடம், அந்த பேச்சு, அந்த சலிப்பு இதையெல்லாம் நம்ப வைக்கத்தான் செலவு பண்ணியிருக்கார். என் வாசிப்புல அனுபவத்தோட பெரிய உபயோகமே இதுதான்.

மழைக்காகம்:
நடுப்பக்கம் சொன்னது சரிதான், ஆனா தள்ளி நின்னு எழுதினா போதும்னு எடுத்துக்க வேணாம், தள்ளி நின்னு எழுதின செத்த கதைகளும் நிறைய இருக்கு. என்னைக் கேட்டா தேர்வுதான் முக்கியம், எதை எடுக்கிறோம் எதை விடுறோம்ங்கிறது.

ரஷ்ய எழுத்தாளர் செகாவோட "துயரம்"ங்கிற சிறுகதை 1886ல வந்தது. மகனை பறிகொடுத்த ஒரு குதிரைவண்டிக்காரர், அதை யார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்கணும்னு பாக்குறார், சவாரிக்கு வர்ற யாருக்கும் கேக்க நேரமில்ல, கடைசில தன் குதிரைகிட்ட சொல்றார். அதை எழுதுறப்ப செகாவுக்கு வயசு இருபத்தாறு, கல்யாணமே ஆகல, பிள்ளையை இழந்த அனுபவம் அவருக்கு கிடையாது. ஆனா டாக்டருக்கு படிச்சு முடிச்சவர், நோயாளிகளோட பேசினவர், சொல்ல வந்ததை கேக்க ஆள் இல்லாம மனுஷங்க தவிக்கிறதை பாக்காம இருந்திருப்பாரா? இது என் ஊகம்தான், ஆனா அந்த கதைல சாவு எப்படி நடந்துச்சுங்கிறது அநேகமா இல்லவே இல்ல, "கேளுங்களேன்"ங்கிற ஒரே ஒரு தவிப்பை மட்டும் எடுத்துக்கிட்டு அதையே திரும்ப திரும்ப வேற வேற ஆள்கிட்ட மோத விடுறார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுது. அதுதான் டெக்னிக். அதே வருஷம் தன் அண்ணனுக்கு எழுதின லெட்டர்ல, நிலா வெளிச்சத்தை வர்ணிக்காதே, உடைஞ்ச பாட்டில் சில்லு ஒண்ணு மினுங்குறதை காட்டு போதும்ங்கிற மாதிரி சொல்லியிருப்பார்.

இன்னொரு பக்கம் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே. 1918ல இத்தாலி போர்முனைல அடிபட்டவர். 1925ல வந்த அவரோட ஒரு கதைல ஒருத்தன் தனியா ஆத்துக்கு போய் கூடாரம் போட்டு மீன் பிடிக்கிறான், அவ்வளவுதான் கதை. அது போர்ல இருந்து திரும்பினவனைப் பத்தின கதைன்னு அவரே பின்னாடி எழுதினார், ஆனா கதைக்குள்ள போருங்கிற பேச்சே கிடையாது. ஆனா அவன் ஒவ்வொரு சின்ன வேலையையும் அவ்வளவு ஜாக்கிரதையா பண்றான், ஏதோ ஒண்ணை நினைக்காம இருக்கத்தான் இப்படி பண்றான்னு நமக்கே புரியும். தெரிஞ்சவன் விட்டதுக்கும் தெரியாதவன் விட்டதுக்கும் வித்தியாசம் இருக்கு, உங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால தைரியமா விடலாம்.

சாளரம்:
துரோகம்னு சொன்னீங்களே, அதைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்க பாட்டி எப்படி இருந்தாங்கங்கிறது உங்க குடும்பத்துக்கு அப்படியே இருக்கும், கதை அதை அழிக்காது. கதைல வர்றது ஒரு பாட்டி. மாமா ரெண்டு பேரா இருந்தா ஒருத்தரா ஆக்குங்க, பல நாள் நடந்ததை ஒரு ராத்திரிக்குள்ள கொண்டு வாங்க, இதெல்லாம் பொய் இல்ல. ஒரே ஒரு விஷயம், உயிரோட இருக்கிறவங்க அடையாளம் தெரியுற மாதிரி எழுதுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க.

அப்புறம், உங்க போஸ்ட்ல "அம்மா அழாமலே இருந்தது"ன்னு ஒரு வார்த்தைல தாண்டி போயிட்டீங்க, எனக்கு அங்கதான் கதை இருக்குன்னு தோணுது. அழாம என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

இரவல்பேனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாளரம், நீங்க கேட்டதும் ரொம்ப நேரம் யோசிச்சேன். அம்மா மிச்சம் இருந்த மாத்திரை அட்டைகளை எண்ணிட்டு இருந்தாங்க. பாட்டி போனதுக்கு அப்புறமும். எண்ணி கவர்ல போட்டு, மறுபடி எடுத்து எண்ணினாங்க. நான் எழுதினதுல இது இல்லவே இல்ல, இது எல்லாம் முக்கியமில்லன்னு விட்டுட்டேன், கடைசி பேச்சைதான் பெருசா எழுதினேன். அப்போ அம்மாவையே கதை சொல்றவங்களா வச்சு எழுதலாமா?

சாளரம்:
வேணாம்னு நினைக்கிறேன். அம்மா மனசுக்குள்ள போனீங்கன்னா ஏன் எண்ணினாங்கன்னு காரணம் சொல்ல வேண்டி வரும், அந்த காரணம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. வெளிய இருந்து பாருங்க. முதல்லயே, பாட்டி உயிரோட இருக்கிறப்பவே ஒரு தடவை அம்மா மாத்திரை எண்றதை சாதாரணமா காட்டிடுங்க, வேளைக்கு சரியா இருக்கான்னு பாக்கத்தானே எண்ணுவாங்க, அப்போ பின்னாடி மறுபடி எண்ணுறப்ப நீங்க ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

நடுப்பக்கம்:
இதேதான் நானும் சொல்ல வந்தேன். பக்கத்து பெட் அம்மா பார்வைல சொல்லிப் பாருங்க, அவங்களுக்கு உங்க குடும்பத்தைப் பத்தி எதுவும் தெரியாது, அதனால தெரியாததை எழுத முடியாது, அதுவே உங்களுக்கு கட்டுப்பாடு. பாட்டியோட கடைசி பேச்சு அவங்க காதுல பாதிதான் விழுந்துச்சுன்னா இன்னும் நல்லது. ரெண்டு பக்கம் எழுதி இங்க போடுங்க, படிச்சுட்டு சொல்றோம்.

மழைக்காகம்:
பழைய வெர்ஷனை டெலீட் பண்ணிடாதீங்க ப்ளீஸ். அது உங்களுக்கு வேணும், கதைக்கு வேண்டிய தகவல் எல்லாம் அதுல இருந்துதான் எடுக்கப் போறீங்க. பக்கத்து பெட் அம்மா ஏன் ஆஸ்பத்திரில இருக்காங்கன்னும் முடிவு பண்ணிக்கோங்க, கதைல சொல்லாட்டியும் உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.