கிரனாடா பேச்சு காதில் ஏறவில்லை; வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்பானிஷ் படிக்க, தென் ஸ்பெயினில் அண்டலூசியா பகுதியிலுள்ள கிரனாடாவுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. வகுப்பில் நான் மோசமில்லை. பி1 என்னும் இடைநிலைப் பாடம் ஓடுகிறது, வினைச்சொற்களும் ஓரளவு கைவந்துவிட்டன. தெருவில் இறங்கினால்தான் திண்டாட்டம். அண்டலூசியாக்காரர்கள் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். புத்தகத்தில் 'மாஸ் ஓ மேனோஸ்' (ஏறக்குறைய), இங்கே 'மா ஓ மேனோ'.

நேற்று ரொட்டிக் கடையில் அந்த அம்மா 'அல்கோ மா?' என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்கு அது உறைக்கவில்லை. 'ஸீ' (ஆமாம்) என்று தலையாட்டிவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

வீட்டில் உடன் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வெளிநாட்டு மாணவர்கள், அங்கே ஆங்கிலம்தான். 'இன்டர்காம்பியோ' என்னும் மொழிப் பரிமாற்றச் சந்திப்புகளுக்கும் போய்ப் பார்த்தேன். பாரின் இரைச்சலில் பத்து நிமிடம் தாண்டுவதற்குள் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. (பாதித் தவறு என்னுடையதுதான், கூச்சம்.)

அடுத்த ஆண்டு டேலே என்னும் ஸ்பானிஷ் தேர்ச்சித் தேர்வில், பி1-க்கு அடுத்த நிலையான பி2 எழுத எண்ணம். அதில் கேட்டல் பகுதிக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால் கவலை கூடுகிறது.

அண்டலூசியாவில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காது பழக உங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது? உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கினால் பலன் இருக்குமா? வசன வரிகளோடு படம் பார்க்கச் சொல்லாதீர்கள். அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.