லாவா கேக் செஞ்சப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?

மாடிவீடு:
போன தீபாவளி. நாத்தனார் குடும்பம் வந்திருந்தாங்க. ஆறு கப், 220 டிகிரி, 9 நிமிஷம், எப்பவும் போல. கவிழ்த்தேன், ஒண்ணுகூட உடையல. அத்தை ஸ்பூனை வெச்சதும் உள்ளேருந்து உருகின சாக்லேட் குபுக்குனு வந்து தட்டு ஓரம் வரைக்கும் ஓடுச்சு. அவ்வளவு அழகா எனக்கு அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வரல. அத்தை ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு, "உள்ள வேகவே இல்லையேம்மா"ன்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எல்லார் கையிலருந்தும் வாங்கி, எவர்சில்வர் தட்டோட மறுபடி ஓடிஜிக்குள்ள (கேக் சுடற கரண்ட் அடுப்பு) வெச்சுட்டாங்க. வெளிய வந்தது ரஸ்க். அதைக் கடிச்சுட்டு நாத்தனார் "இப்பதான் கேக் மாதிரி இருக்கு"ன்னா பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது.

காபி டம்ளர்:
எங்க வீட்ல அதுக்குன்னு கப் எல்லாம் இல்ல, டம்ளர்லதான் ஊத்தினேன். வெண்ணெய் தடவினேன், கோகோ தூவ மறந்துட்டேன். கவிழ்த்தா வரல. தட்டினேன், வரல. ஓங்கித் தட்டினேன். மேல்தோல் டம்ளர் அடியிலயே ஒட்டிக்க, மீதி மொத்தமும் கூழா தட்டுல கொட்டிடுச்சு. பக்கத்துல மக மெழுகுவத்தியைப் பிடிச்சுட்டு நிக்கறா. "எங்கம்மா குத்தறது?"ன்னு கேட்டா.

ஓவன்காரர்:
மாடிவீடு, கோவிச்சுக்காதீங்க, உங்க அத்தை சொன்னதுல தப்பில்ல. நடுவுல வேகாத மாவு இருந்தா அதுதான் லாவா கேக்னு நாம நினைச்சுட்டிருக்கோம். 1981ல பிரான்ஸ்ல லாயோல்ங்கற ஊர்ல மிஷெல் ப்ராஸ்ங்கற செஃப் செஞ்சது வேற. உறைய வெச்ச சாக்லேட் உருண்டையை மாவுக்குள்ள புதைச்சு வேகவெச்சார். மாவு வெந்துடும், உருண்டை மட்டும் உருகும். நியூயார்க் செஃப் ஜான் ஜார்ஜ் வொங்கெரிக்டன்தான் 1987ல சீக்கிரமா வெளிய எடுத்துட்ட கேக் அப்படியே ஹிட்டாச்சுன்னு சொல்றவர். நீங்க செஞ்சது அவர் கட்சி. அடுத்த தடவை 100 கிராம் சாக்லேட்ல 60 மில்லி சூடான க்ரீம் கலந்து, ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. காம்பவுண்ட் சாக்லேட் வாங்காதீங்க, அதுல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு, வாயில மெழுகு மாதிரி ஒட்டும். ஓடிஜி டயலையும் நம்பாதீங்க. என்னோடதுல 220 வெச்சா உள்ள தெர்மாமீட்டர் 190தான் காட்டுது. அப்புறம் டம்ளர்காரங்களுக்கு: வெளிய எடுத்ததும் கவிழ்க்காதீங்க, ஒரு நிமிஷம் விடுங்க, ஓரம் தானா விட்டுக்கொடுக்கும். எவர்சில்வர்ல சூடு ஏறற விதம் பீங்கான் மாதிரி இருக்காது, முதல்ல ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாத்துட்டு நேரத்தை முடிவு பண்ணுங்க.
என் அனுபவம்னா, கல்யாண நாளுக்கு செஞ்சேன். நடு உருண்டை உருகவே இல்ல. வீட்டுக்காரம்மாவுக்குப் பல்லு கூசிடுச்சு.

மாடிவீடு:
சார், நான் ரெசிபி கேக்கவே இல்லையே. அதுவும் பல்லு கூச வெச்சவர்கிட்ட. எனக்கு சரியாத்தான் வந்துச்சு. அந்த ப்ராஸே வந்து செஞ்சு குடுத்திருந்தாலும் எங்க அத்தை ஓடிஜிக்குள்ளதான் வெச்சிருப்பாங்க.
டம்ளர், மெழுகுவத்தியைக் கடைசில எங்கதான் குத்தினீங்க?

காபி டம்ளர்:
வாழைப்பழத்துல.